கணிதப் பாடத்திட்டம்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

(பல்கலைக்கழகக் கணிதப் பாடத்திட்டத்தை மாற்றுவது பற்றிய கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்துக் கணித விரிவுரையாளர் ஒருவர் அளித்த பதில்கள்.)

சுன்னாகத்திலிருந்து ஓர் ஆசிரியர்: தரவு விஞ்ஞானமும் இயந்திரக் கற்றலும் இல்லாத கணிதப் பட்டத்தால் இனி என்ன பயன்?

பதில்: சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, ஐயா, எதை எடுத்துவிட்டுச் சேர்ப்பது என்பதே சிக்கல். இலங்கைத் தகைமைச் சட்டகம் மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிற்றும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிற்றும் கேட்கிறது. ஒரு கிரெடிற் என்பது மாணவரின் 50 மணித்தியால உழைப்பு. உயர்தரத்தில் பிழிந்தெடுத்த தொகையீட்டு உத்திகளை முதலாம் வருடத்தில் மீண்டும் ஓட்டுவதை நிறுத்தி, அந்த நேரத்தைத் தாயங்களைக் கையாளும் ஏகபரிமாண அட்சரகணிதத்துக்குக் கொடுக்கலாம். தாயங்களும் நிகழ்தகவும் கைவந்தவருக்கு இயந்திரக் கற்றல் ஓர் அரையாண்டுப் பாடம். மற்றவருக்கு அது மென்பொருட் கட்டளைகளின் மனனம்.

முதலாம் வருட மாணவர்: இணைந்த கணிதத்தில் ஏ சித்தி பெற்றும் மெய்ப்பகுப்பாய்வு (எல்லை போன்றவற்றை நிறுவிக் காட்டும் பாடம்) பிடிபடவில்லை. அதை விருப்பப் பாடமாக்கக் கூடாதா, சேர்?

பதில்: கூடாது. பாடசாலையில் எல்லையைக் கணிக்கப் பழகினீர்கள். இங்கே எவ்வளவு சிறிய நேர் எண்ணை (எப்சிலன்) வழுவெல்லையாகத் தந்தாலும் அதற்கேற்ற இன்னொரு நேர் எண் (டெல்ற்றா) உண்டென நிறுவச் சொல்கிறார்கள், அதுவும் திடீரென ஆங்கில மொழிமூலத்தில். தர்க்கம், தொடைகள், நிறுவல் முறைகள் ஆகியவற்றை முன்கூட்டியே கற்பிக்கும் 2 கிரெடிற் பாடம் ஒன்றே இதற்கு மருந்து.

கலைப்பீட மாணவி: எங்களுக்கும் பொதுக்கல்வியாகக் கணிதம் கட்டாயமா?

பதில்: நீர்த்துப்போன நுண்கணிதம் வேண்டாம், எண்களை எடைபோடும் பயிற்சி வேண்டும். ஆயிரம் பேரில் 10 பேருக்கு டெங்கு. பரிசோதனை நோயாளரில் 90 வீதத்தினரைக் கண்டுபிடிக்கிறது, நோயற்றோரில் 10 வீதத்தினருக்கும் தவறாக ‘உண்டு’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘உண்டு’ எனப்பட்ட 108 பேரில் உண்மை நோயாளர் 9 பேர்தான், அதாவது பன்னிரண்டில் ஒருவர். பத்திரிகைச் செய்தியை இப்படி உடைத்துப் பார்க்க வகையீடு தேவையில்லை, தமிழிலேயே கற்பிக்கலாம்.

ஒரு பெற்றோர்: கணித மாணவருக்கு வரலாறு, மொழிப் பாடங்கள் வீண்சுமை அல்லவா?

பதில்: இல்லை. தன் ஆய்வை ஒரு பக்கத்தில் விளக்கி எழுதத் திணறும் சிறப்புப் பட்ட மாணவர்களை நேர்முகத் தேர்வுகளில் கண்டிருக்கிறேன்.

மீள்பரீட்சை மாணவர்: புதிய திட்டம் எங்களையும் பாதிக்குமா?

பதில்: சேர்ந்த ஆண்டின் விதிமுறைப்படியே முடிக்க விடுவதுதான் நியாயம். கைவிடப்படும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஈடான புதிய பாடம் எது என்ற அட்டவணையை முதல் விரிவுரைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.