கேள்வி–பதில்: பூச்சு காய்வதற்குள்

கேள்வி: ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டை ஒட்டிய பரோக் காலத்துத் தேவாலயக் கூரை ஓவியங்களுக்கு முன்னால் சாக்கில் ஏராளமான படங்கள் வரைந்து பார்த்தார்கள் என்று படித்தேன். அவ்வளவு கைதேர்ந்தவர்களுக்கு இது எதற்கு? வெறும் வெள்ளோட்டமா?
– ஓவிய மாணவி, கும்பகோணம்

பதில்: வெள்ளோட்டம் என்பது பாதிதான் சரி. அந்தக் கூரை ஓவியங்கள் ஃப்ரெஸ்கோ என்ற முறையில் வரைந்தவை. அதில் நிறத்தை ஈரமான சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் வைக்க வேண்டும். அந்தப் பூச்சு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகும், இறுகும்போதே நிறத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். அதனால் அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய இடத்துக்கு மட்டும்தான் சாந்து பூசுவார்கள். பொழுது சாய்ந்தால் போச்சு. வரைந்தது பிடிக்கவில்லை என்றால் பூச்சையே செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். கை எங்கே மடங்கும், துணி எப்படி விழும் என்றெல்லாம் சாரத்தின் மேல் நின்று யோசிக்க நேரம் கிடையாது. அந்த யோசனை முழுக்கத் தாளிலேயே முடிந்திருக்க வேண்டும்.

இத்தாலிய ஓவியர் தொமெனிக்கினோவை எடுத்துக்கொள்ளுங்கள். போலோஞ்ஞாவில் 1581-இல் பிறந்தவர். ரோமில் சாந்த் ஆந்திரேயா தெல்லா வாலே தேவாலயத்தில் பீடத்துக்கு மேலுள்ள வளைவுக் கூரையையும், குவிமாடத்தைத் தாங்கும் நான்கு மூலைகளில் நற்செய்தியாளர் நால்வரையும் 1622 முதல் 1628 வரை வரைந்தார். கூடப் படித்தவர்கள் அவருக்கு எருது என்றே பெயர் வைத்திருந்தார்களாம், அவ்வளவு நிதானம். எனக்கு அந்த நிதானத்தின் மேல் தனி மரியாதை. இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் அவர் வரைந்த 1,700-க்கும் மேற்பட்ட தாள்கள் இருக்கின்றன, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1762-இல் ரோமின் அல்பானி குடும்பத்திடமிருந்து வாங்கியவை. கூரைக்காகச் செய்த தாள்களும் அவற்றில் உண்டு. பல தாள்களில் முழு உருவமே இருக்காது. ஒரு முழங்கை, அதே முழங்கை இன்னும் கொஞ்சம் திரும்பி, ஓரத்தில் ஒரு பாதம், அவ்வளவுதான். ஒரு கோடு போட்டு, அதை அழிக்காமல் அதன் மேலேயே இன்னொரு கோடு, இன்னொரு கோடு என்று போட்டுக்கொண்டே போய், சரியான இடம் கிடைத்ததும் அதை மட்டும் அழுத்தியிருப்பார். கூரையில் அந்தத் தயக்கம் எதுவும் தெரியாது. தாளில் எல்லாமே தெரியும், அதற்காகவே நான் இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கேள்வி: சாக் என்றால் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ்தானா? அந்தச் சின்னத் தாளிலிருந்து கூரைக்கு எப்படிப் போனது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சாக்பீஸ் இல்லை. அச்சில் வார்த்ததும் இல்லை, பூமியிலிருந்து வெட்டியெடுத்துச் சீவிய கல். கறுப்பு என்பது கரி கலந்த மென்மையான களிமண் கல். சிவப்புக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு, நம்முடைய காவிக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். தொமெனிக்கினோ பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறத் தாளில் கறுப்பால் வரைந்து, வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளைச் சாக்கை வைப்பார். தாளின் நிறமே நடுத்தர நிழலாகிவிடுவதால் பாதி வேலை மிச்சம். நீங்களும் ஒரு சாம்பல் தாளில் செய்து பாருங்கள், தோள் ஒன்று திடீரென்று உருண்டு எழுந்து நிற்கும்.

அப்புறம், இந்தப் படங்களைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, பல தாள்களை ஒட்டிக் கூரையின் அளவுக்கே ஒரு படம் தயாரிப்பார்கள். அன்றைய பூச்சுக்கு உரிய துண்டை ஈரச் சாந்தின் மேல் வைத்துக் கூரான கம்பியால் கோட்டை அழுத்துவார்கள், அல்லது கோட்டில் ஊசியால் துளையிட்டுக் கரித்தூள் மூட்டையால் தட்டுவார்கள், நம் வீடுகளில் துளையிட்ட கோலத் தகட்டின் மேல் மாவு தூவுகிற மாதிரிதான். சாந்தில் ஈரம் பட்டுக் கிழிந்து அந்தப் பெரிய தாள்களில் பெரும்பாலானவை அழிந்தன. சின்னத் தாள்களுக்குக் கூரைக்கு ஏற வேண்டிய கட்டாயம் இல்லாததால் அவை தப்பின.

கேள்வி: எல்லாருமே இப்படித்தான் நுணுக்கமாகத் தயார் செய்தார்களா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இல்லை, அதற்கு அதே தேவாலயத்திலேயே பதில் இருக்கிறது. குவிமாடமும் தனக்கே வரும் என்று தொமெனிக்கினோ நம்பியிருந்தார். அது இன்னொரு ஓவியரான லான்ஃபிராங்கோவுக்குப் போய்விட்டது. இயேசுவின் தாய் மரியாள் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படும் காட்சியை 1625-க்கும் 1627-க்கும் இடையில் அவர் அங்கே வரைந்து முடித்தார். அவரும் சாக்கில் நிறைய வரைந்தவர்தான், நேப்பிள்ஸின் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் பெரிய தொகுப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கோடுகள் அகலமானவை, வேகமானவை. விரல் நகம் வரை அவர் போகமாட்டார், அத்தனை உயரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? நடுவிலுள்ள காற்றே தனக்காக வரைந்து முடித்துவிடும் என்று அவர் சொல்வதுண்டாம். ரோமுக்குப் போனால் குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று, முதலில் மூலையிலுள்ள நற்செய்தியாளர்களைப் பாருங்கள், பிறகு கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்துங்கள்.