மதுரையில் எந்தப் பக்கம் அறை எடுப்பது?

வயதான அப்பா அம்மாவோடு இரண்டு நாள் மதுரைக்கு வருகிறோம், எங்கே தங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோயிலுக்காகத்தான் வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். ரயில் நிலையத்துக்கும் மீனாட்சி கோயிலுக்கும் நடுவில், டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் எடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். பெரியவர்கள் அறைக்கு வந்து சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு சாயங்காலம் திரும்பப் போகலாம். இரவு நடை சாத்தும் முன் சுவாமியை அம்மன் சன்னதிக்கு எழுந்தருளச் செய்யும் பள்ளியறை பூஜை பார்த்துவிட்டு நிதானமாக நடந்தே வரலாம், அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்! கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதால், பக்கத்தில் தங்குவதுதான் அவர்கள் முழங்காலுக்கு நல்லது.

சந்தடி இருக்கும். தெருவைப் பார்க்காத உள்ளறையாகக் கேளுங்கள், லிஃப்ட் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். சொந்தக் காரில் வந்தால் அண்ணா நகர், கே.கே. நகர் அமைதியாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் வைகையைத் தாண்டி வர வேண்டும். பஸ் நிலையம் இருக்கும் மாட்டுத்தாவணிப் பக்கம் விடியற்காலை பஸ் பிடிப்பவர்களுக்குத்தான் சரி.