பணியிடத்தில் மாற்றுத்திறனாளிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, "வாய்மொழியாகக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள்" என்றே முடிகின்றன. வாய்மொழியாகக் கேட்டதற்குச் சான்று கிடையாது. சான்றில்லாத கோரிக்கையை மறுத்தார்கள் என்று யாரிடமும் முறையிட முடியாது. எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதியுடன் ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று இப்பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன். அதை நினைவூட்டிவிட்டுக் கேள்விகளுக்கு வருகிறேன்.

எனக்கு வலது கையில் 30 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழ் உள்ளது. 40 சதவீதம் இல்லாததால் அலுவலகத்தில் எந்த வசதியும் கேட்க உரிமையில்லை என்கிறார் மேலாளர். சரியா?
*அம்பாசமுத்திரம் வாசகர்*

தவறு. 40 சதவீதம் என்னும் வரம்பு இட ஒதுக்கீட்டுக்கும் சில நலத்திட்டங்களுக்கும் உரியது. வேலையைச் செய்வதற்குத் தேவையான நியாயமான வசதிக்கு அந்த வரம்பை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வைக்கவில்லை. எழுதுகையில் கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒரு தேர்வருக்கு, 40 சதவீதம் இல்லை என்பதற்காக எழுத்தர் உதவியை மறுக்கக்கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

என் தம்பி மாற்றுத்திறனாளி. அரசு வேலை கிடைக்க வழி சொல்லவும்.
*பேட்டை வாசகர்*

என்ன குறைபாடு, எத்தனை சதவீதம், என்ன வயது, என்ன படிப்பு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு உண்டா என்று எதையுமே எழுதாமல் வழி கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீடு ஒரே தொகுப்பு அன்று. பார்வைக் குறைபாட்டுக்கு ஒன்று, செவித்திறன் குறைபாட்டுக்கு ஒன்று, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு ஒன்று, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒன்று என்று அது பிரிகிறது. எந்தப் பணி எந்தக் குறைபாட்டினருக்கு ஏற்றது என்ற பட்டியலும் தனியாக உண்டு. ஆகவே விவரம் இல்லாமல் விடையும் இல்லை. முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை எடுத்துவிட்டு, முழு விவரத்துடன் மீண்டும் எழுதுங்கள். இடையில் யாராவது பணம் வாங்கிக்கொண்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னால் நம்பவே நம்பாதீர்கள்.

எங்கள் தொழிற்கூடத்தில் காது கேளாத ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அரட்டை கிடையாது, கவனம் சிதறாது, மற்றவர்களைவிட வேலை கூடுதலாக நடக்கிறது. இன்னும் பத்துப் பேரை எடுக்க விரும்புகிறோம். யாரை அணுகலாம்?
*கங்கைகொண்டான் வாசகர்*

ஆறு பேருக்கு வேலை கொடுத்தீர்கள், இன்னும் பத்துப் பேருக்குக் கொடுக்க எண்ணுகிறீர்கள். அது நல்ல செயல். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் என்னை மிகவும் வருத்துகிறது. இதே காரணத்தை வேறு பல முதலாளிகளும் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஆறு பேரும் பேசாதவர்கள் அல்லர். கைகளால் பேசுபவர்கள். உங்கள் தொழிற்கூடத்தில் அவர்களுடைய மொழி அறிந்தவர் ஒருவரும் இல்லாததால், எட்டு மணி நேரமும் அவர்கள் பேச ஆளின்றி இருக்கிறார்கள். அந்தத் தனிமையை நீங்கள் உற்பத்திக் கணக்கில் லாபமாக எழுதிக்கொள்கிறீர்கள். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கியது 1897இல். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகக் காது கேளாத பிள்ளைகள் படித்து வெளியேறி வரும் ஊருக்குப் பக்கத்தில் தொழில் நடத்திக்கொண்டு, 'நிறுத்து', 'ஆபத்து', 'வெளியே போ' என்ற மூன்று சைகைகள்கூடத் தெரியாத மேற்பார்வையாளரை வைத்திருப்பது எந்த வகையில் நியாயம்?

உங்கள் தீ எச்சரிக்கை மணி ஒலி மட்டும் எழுப்புகிறதா, விளக்கும் மின்னுகிறதா? இரவுப் பணியில், கழிவறையில் தனியாக இருக்கும் ஒருவருக்குப் புகை வருவதை யார் சொல்வார்? மின்னும் எச்சரிக்கை விளக்கு எந்திரங்கள் இருக்கும் கூடத்தில் மட்டும் இருந்தால் போதாது. கழிவறை, உணவுக்கூடம், கிடங்கு என்று ஆள் தனித்திருக்கக்கூடிய எல்லா இடங்களிலும் வேண்டும். பின்னோக்கி வரும் சரக்கு வண்டியின் ஒலியை நம்பி அவர்களை நடமாட விடக்கூடாது. வண்டிக்கும் ஆட்களுக்கும் தனித்தனிப் பாதைகளைத் தரையில் கோடிட்டுப் பிரியுங்கள். ஆபத்து நேரத்தில் இன்னாரை இன்னார் அழைத்து வர வேண்டும் என்று பொறுப்புக் கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் அவர் விடுப்பில் இருக்கும் நாளும் வரும் என்பதால் விளக்குக்கு அது மாற்றாகாது.

"அறிவிப்பைத் தமிழில் எழுதி ஒட்டிவிட்டோமே" என்பீர்கள். சைகை மொழியிலேயே வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அதன் இலக்கணம் வேறு, சைகை மொழியின் இலக்கணம் வேறு. பாதுகாப்புப் பயிற்சிக்கும், ஊதிய உயர்வு, மிகைநேரக் கூலி பற்றிய கூட்டங்களுக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்தே ஆக வேண்டும். தில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் ஏறத்தாழ 10,000 சொற்களுக்குச் சைகை அகராதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வாரம் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த ஆறு பேரையே ஆசிரியர்களாக்கி, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இத்தனை சிறப்பாக வேலை செய்கிறார்கள் என்கிறீர்களே, அந்த ஆறு பேரில் எத்தனை பேரை மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறீர்கள்? இதற்கும் எச்சரிக்கை விளக்குக்கும் விடை வைத்துக்கொண்டு, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தையும் அணுகுங்கள். ஆட்கள் இருக்கிறார்கள்.

கடை வாசலில் சரிவுப்பாதை அமைக்கிறோம். ஒன்றரை அடி உயரத்துக்கு ஐந்தடி நீளம் போதுமா?
*திருநெல்வேலி டவுன் வாசகர்*

போதாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே அளவு. உங்களுக்குப் பதினெட்டு அடி வேண்டும். இடமில்லையென்றால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டுங்கள். ஐந்தடிச் சரிவில் சக்கர நாற்காலி பின்னால் கவிழும்.

நான் சக்கர நாற்காலி பயன்படுத்தும் பெண். என் அலுவலகத்தில் தரைத்தளக் கழிவறைக்குள் நாற்காலி நுழையாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சமாளித்து வருகிறேன். இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
*சங்கரன்கோவில் வாசகி*

அம்மா, கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. தண்ணீரைக் குறைப்பதை இன்றே நிறுத்துங்கள். சிறுநீர்த் தொற்று மீண்டும் மீண்டும் வந்து சிறுநீரகத்தைத் தொடும் அளவுக்குப் போகக்கூடும், முதுகுத்தண்டுப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. சுமார் மூன்றடி அகலக் கதவு, அது வெளிப்பக்கமாகத் திறப்பது, பக்கவாட்டில் பிடிகம்பி, நாற்காலி திரும்பும் இடம் ஆகிய நான்கையும் குறிப்பிட்டு அலுவலகத் தலைவருக்கு எழுதுங்கள். அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக்கூடாது, மீற முடியாத கட்டாய விதிகளாக இருக்க வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதையும் கடிதத்தில் சேருங்கள். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு முறையிடலாம். ஒப்பம் வாங்கிய நகல் அப்போது வேண்டும்.

அரசு நிறுவனம் ஒன்றில் ஓட்டுநர். விபத்தில் ஒரு காலை இழந்தேன். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.
*வள்ளியூர் வாசகர்*

கையெழுத்துப் போடாதீர்கள். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்யக்கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படிப் பணி இல்லையென்றால், கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். இதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. காலை இழந்த காவலர் ஒருவருக்காக 2003இல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாற்றுப்பணி கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

பன்னிரண்டு பேர் வேலை செய்யும் நிறுவனம் எங்களுடையது. சமவாய்ப்புக் கொள்கை எங்களுக்கும் வேண்டுமா? தனியாருக்கும் 4 சதவீதம் உண்டா?
*தென்காசி வாசகர்*

கொள்கை வேண்டும். இருபது பேருக்குக் கீழ் என்பதால் செய்து தரும் வசதிகளை எழுதி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைத்து, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் ஒரு படியைப் பதிவு செய்தால் போதும். 4 சதவீதக் கட்டாயம் தனியாருக்கு இல்லை. சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு. தகுதியான ஆள் எங்கே என்று அடுத்து கேட்பீர்கள். உங்கள் பக்கத்திலேயே ஆய்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981 முதல் பணி செய்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

இருமுனை மனநோய்க்கு மருந்து உட்கொள்கிறேன். மேலதிகாரியிடம் சொல்லியே ஆக வேண்டுமா?
*மேலப்பாளையம் வாசகர்*

ஒதுக்கீடோ வசதியோ கேட்காதவரை நீங்களாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாறி மாறி வரும் இரவுப் பணி தூக்கத்தைக் கெடுத்து நோயைக் கிளறுமானால், பகல் பணி மட்டும் கேட்பது நியாயமான வசதியே. மருத்துவர் கடிதத்தை இணைத்து, நிறுவனத் தலைவருக்கோ பணியாளர் பிரிவுக்கோ மட்டும் கொடுங்கள். உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லி அனுதாபம் தேட வேண்டாம். எக்காரணம் கொண்டும் மருந்தை நிறுத்த வேண்டாம்.

பார்வையற்ற எனக்குத் திரைவாசிப்பான் மென்பொருள் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அலுவலகத் தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கிறது.
*பாளையங்கோட்டை வாசகர்*

மென்பொருளில் பழுதில்லை. கோப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்கும். ஒருங்குறியில் (யூனிகோடு) உள்ள தமிழை மட்டுமே திரைவாசிப்பான் தமிழாக அறியும். தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டது. ஆகவே பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் மாற்றித் தரவும், புதியவற்றை ஒருங்குறியில் மட்டும் தட்டச்சு செய்யவும், வருடிய (ஸ்கேன் செய்த) படங்களாக எதையும் அனுப்பாதிருக்கவும் உத்தரவிடுமாறு பிரிவுத் தலைவரிடம் கேளுங்கள். எழுத்தில்.