போனை நிறுத்தினால் பிள்ளையின் கண் பவர் இறங்குமா?

"என் 7 வயது மகனுக்கு மைனஸ் 1.25 வந்திருக்கிறது. போன் பார்த்ததால்தானா? போனை அடியோடு நிறுத்திவிட்டால் பவர் போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "போனைப் பிடுங்கு, கேரட் கொடு, கண்ணாடி தானாகப் போயிடும்" என்று சொல்ல இந்நேரம் உங்களைச் சுற்றி நாலு பேர் வந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு வரும் இந்த மைனஸ் பவர், அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வை, பெரும்பாலும் கண்விழி முன்னிருந்து பின்னாக நீண்டுபோவதால் வருவது. பெரியவர்களுக்கு அந்த நீளம் 24 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் 1 மில்லிமீட்டர் கூடினாலே பவர் ஏறக்குறைய 2.5 ஏறிவிடும். வளர்ந்த பிள்ளை திரும்பக் குட்டையாவதில்லை, அதுபோலத்தான் நீண்ட கண்ணும். இனிமேல் வேகமாக நீளாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது. அதை லேசாக நினைக்காதீர்கள். மைனஸ் 6 தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை கிழிவது, கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் போன்றவை வரும் வாய்ப்பு கூடுகிறது.

நான் டாக்டர் இல்லை. என் மகளுக்காகப் படித்ததும், கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்து கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இவ்வளவும்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். தமிழ்நாட்டில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் திரும்ப வகுப்பறைக்குப் போனது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இடையில் மூன்றாம் வகுப்பு முழுவதையும் என் மகள் ஒரு போனில்தான் படித்தாள். டீச்சர் போர்டைக் காட்டினால் எழுத்து எறும்பு அளவுக்குத்தான் தெரியும், அதனால் போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் லேப்டாப் கிடையாது. "அம்மாக்காரி போனைக் கொடுத்துக் கெடுத்துட்டா" என்று யாராவது இங்கே எழுத வந்தால், அந்த வருடம் போன் இல்லாமல் எப்படி வருகைப் பதிவு வாங்கியிருக்க முடியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பள்ளி திறந்த பிறகு கணக்கு நோட்டில் சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதி வந்தது. உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். போட்ட கணக்கு எல்லாம் சரி. ஆனால் போர்டில் 8 இருந்த இடங்களில் இவள் 3 என்றோ 0 என்றோ எழுதி, அந்தத் தப்பான எண்ணுக்குச் சரியான விடை போட்டிருந்தாள். 58-இலிருந்து 26 போக வேண்டிய இடத்தில் 53-இலிருந்து 26 போயிருந்தது, விடை 27. கவனம் இல்லாத பிள்ளை கடன் வாங்கிக் கழித்துச் சரியாக 27 எழுதுமா? மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே நடந்த ஒன்று உங்களுக்கும் உதவும். முதலில் மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தபோது மைனஸ் 2.25 காட்டியது. பிறகு இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, "கண்ணை மூடிட்டு உட்காருங்க பாப்பா" என்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எரியுது என்று அழுதாள். மருந்து பிடித்ததும் அந்த வட்டமான கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா" என்று கேட்டுப் பார்த்தபோது 1.5-தான் வந்தது. கிட்டத்தில் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளின் கண் தசை இறுகியிருக்கும். அது தளராமல் அளந்தால் இல்லாத பவரும் கூட வரும். உங்கள் மகனுக்குச் சொட்டு விட்டுப் பார்த்தார்களா? இல்லையென்றால் சொட்டு விட்டுப் பார்க்கும் இடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கண்ணாடிக் கடையில் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்று அந்தச் சீட்டை வைத்துக் கண்ணாடி போட்டுவிடாதீர்கள்.

இனி போன் விஷயம். சீனாவில் ஷாண்டோங் மாகாணத்து ஃபெய்செங் என்ற ஊரில் வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து வந்தார்கள். 1,20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கு அது. முந்தைய வருடங்களில் 6 வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை அதிகபட்சம் 100-க்கு 6 பேர் அளவில் இருந்தது. வீட்டுக்குள் அடைத்து வைத்த 2020-இல் 100-க்கு 21-ஐத் தாண்டியது. படித்தபோது எனக்கு என் மகள் ஜன்னல் ஓரம் போனோடு உட்கார்ந்திருந்ததுதான் கண்ணுக்குள் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு காரியம் சேர்ந்து நடந்திருக்கிறது. கிட்டத்தில் பார்ப்பது கூடியது, வெளியே போவது நின்றது. நாம் முதலாவதையே பிடித்துக்கொண்டு பிள்ளையோடு சண்டை போடுகிறோம், இரண்டாவதை யாரும் பேசுவதில்லை.

அதே சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடும்படி பெற்றோரிடமும் சொன்னார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் மற்றப் பள்ளிகளில் 100-க்கு 39 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை, இவர்களில் 30 பேருக்கு. 2015-இல் வெளிவந்த ஆய்வு அது. தைவான் அதற்கு முன்பே, 2010-இல், பிள்ளைகள் தினம் 120 நிமிடம் வெளியே இருக்க வேண்டும் என்று திட்டமே போட்டுவிட்டது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான், வெளியே பகலில் பல்லாயிரம். அந்த வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரந்து கண் நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் நிறுத்த வேண்டும் என்று அர்த்தமில்லை. வேப்பமர நிழலே போதும். காலையில் கொஞ்சம், நாலு மணிக்கு மேல் கொஞ்சம். தொப்பி போட்டுக்கொண்டே விளையாடட்டும். பவர் வந்த பிறகு இது எவ்வளவு தடுக்கும், வருவதற்கு முன்பு எவ்வளவு தடுக்கும் என்பதில் வித்தியாசம் உண்டு, வருவதற்கு முன்புதான் பலன் அதிகம். அதனால் வீட்டில் இன்னொரு சின்னது இருந்தால் இப்போதே வெளியே அனுப்புங்கள். அது இரண்டு வயதுக்குள் இருந்தால் வீடியோ காலில் தாத்தா பாட்டியோடு பேசுவது தவிர வேறு ஸ்கிரீனே வேண்டாம் என்கிறார்கள் நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள்.

நான் பட்ட கஷ்டம் போனோடு இல்லை. மகளைத் தெருவுக்கு அனுப்பப் பட்ட கஷ்டம்தான். என் மாமியார் நல்லவர், எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. அவரே "வெயில்ல கறுத்துப் போயிடுவா, உள்ள கூப்பிடு" என்றார். நாத்தனார் வீட்டு விசேஷத்தில் கண்ணாடியோடு இவளைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு இந்த வயசுலயே சோடாபுட்டியா, நாளைக்கு எவன் கட்டுவான்" என்று அவள் காது கேட்கவே ஒரு பெரியம்மா கேட்டார். அதே பந்தியில் கண்ணாடி போட்ட பையன் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைப் பார்த்து "படிக்கிற புள்ள" என்றார். என் மகள் அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தவள், வீடு வரும்வரை போடவில்லை. பத்து வயதானால் பெண்ணை உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம், பையன்கள் இருட்டும்வரை கிரிக்கெட் ஆடுகிறார்கள். உள்ளே வந்தவள் என்ன செய்வாள், போனைத்தான் எடுப்பாள். பிறகு "எப்பப் பாரு போன்" என்று அவளையே திட்டுவது. இது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தால் தாண்டிப் போங்கள், எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. இப்போது எட்டாம் வகுப்பு. சாயங்காலம் ஆளோடு ஆளாகச் சைக்கிள் ஓட்டுகிறாள், நிறம் பற்றி யாரும் என் வீட்டில் பேச விடுவதில்லை.

கண்ணாடி விஷயத்தில் இரண்டு. "கண்ணாடி போட்டா பவர் கூடும், கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லு" என்பார்கள். மலேசியாவில் 2002-இல் அதைச் செய்து பார்த்தார்கள், குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் கூடுதலாக ஏறியது. எழுதிக் கொடுத்த பவரை அப்படியே போடுங்கள், நாள் முழுக்கப் போடட்டும். இன்னொன்று, கடையில் ஸ்கிரீனின் நீல வெளிச்சத்தைத் தடுக்கும் "புளூ கட்" லென்ஸ் என்று கூடுதல் காசு கேட்பார்கள். கண் களைப்புக்குக்கூட அதனால் பெரிய பலன் இல்லை என்று 2023-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காசுக்கு ஒரு ஷட்டில் மட்டை வாங்கலாம்.

போனை நான் பூட்டி வைக்கவில்லை. பாட்டு, படம் எதுவானாலும் டிவியில், தள்ளி உட்கார்ந்து. படுத்துக்கொண்டு போன் பார்ப்பது கிடையாது, கதைப் புத்தகமும் படுத்துக்கொண்டு மூக்குக்கு நேராகப் பிடித்துப் படிக்கக்கூடாது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பக் காட்டப் போகும்போது பழைய சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள். கண்ணின் நீளத்தை அளக்கும் மெஷின் இருக்கிறதா என்று கேட்டு அளந்து எழுதி வாங்குங்கள், பவரைவிட அந்த எண்தான் சரியாகச் சொல்லும். வருடத்துக்கு அரை பவருக்கு மேல் ஏறுகிறது என்றால் பவர் ஏறும் வேகத்தைக் குறைக்க இரவில் விடும் அட்ரோபின் சொட்டு மருந்து உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். என் மகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள், விட்டுக்கொண்டிருக்கிறோம்.