திருமலை அக்காவைக் கேளுங்க: பீச் ஹோட்டல்ல நிக்கப் போறவங்களுக்கு

கேள்வி: அக்கா, ஓகஸ்ட் ஸ்கூல் லீவில இவருக்கு திருகோணமலையில சீனன்குடாப் பக்கம் நாலு நாள் வேலை வருது. நானும் ரெண்டு பிள்ளைகளும் மாமியும் கூடவே வந்து, பெரிய கம்பனி நடத்துற செயின் ஹோட்டல் ஒண்டில கடற்கரையோட நிக்கலாம் என்டு யோசிக்கிறம். உப்புவெளி நல்லமா, நிலாவெளி நல்லமா? மாமிக்கு கடலுக்குப் பக்கத்தில படுக்கவே பயம். குடுக்கிற காசுக்கு பெறுமதியா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, உப்புவெளிதான், ரெண்டாம் யோசனை வேண்டாம். காரணம் பீச் இல்ல, உங்கட வீட்டுக்காரர்ட வேலை. டவுனில இருந்து வடக்கால ஒரு 5 கிலோமீட்டர் போனா உப்புவெளி, நிலாவெளிக்கு அதே ரோட்டில 15 கிலோமீட்டர் மட்டில போகணும், சீனன்குடா என்டா டவுனுக்கு மற்றப் பக்கம். நிலாவெளியில நிண்டா அவர் காலமையும் பின்னேரமும் வாகனத்துக்குள்ளதான் இருப்பார், பிள்ளைகள் அப்பாவோட கடல்ல இறங்குவம் என்டு பாத்துப் பாத்து இருந்து இருட்டிப் போயிடும். வேலையும் குடும்பமும் சேந்து வாற பயணத்தில அப்பா வேலை முடிச்சு வந்த கையோட பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு தண்ணியில கால் வைக்கணும், அதுக்குத்தானே இவ்வளவு காசு குடுத்து கடற்கரையில நிக்கிறீங்க. சினமன் குழுமத்தின்ட ட்ரிங்கோ ப்ளூ உப்புவெளியிலதான் இருக்கு, பழைய ஆக்களுக்கு கிளப் ஓஷியானிக் என்டா உடன விளங்கும், இடையில சாயா ப்ளூ என்டும் பேர் இருந்தது. நிலாவெளியிலயும் நல்ல ஹோட்டல்கள் இருக்கு, புறாமலைத் தீவுக்கு படகு எடுக்கிறதும் அங்க இருந்துதான், ஆனா அது வேலை இல்லாம வாற ஆக்களுக்கு. குச்சவெளிப் பக்கம் இன்னும் தூரம்.

ஓகஸ்டில எங்கட கடல் குளம் மாதிரிக் கிடக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அதவிட நல்ல காலம் இல்ல. ஆனா ஒண்டு சொல்லுறன், இத தயவுசெய்து மனசில வச்சிருங்க. அந்த மாசங்கள்ல கச்சான் காத்து அடிக்கும், அது எங்கட பக்கம் கரையில இருந்து கடலுக்குத் தள்ளுற காத்து. அலை இல்லாததால பயமே தெரியாது, ஆனா பிள்ளைட காத்தடிச்ச வளையமோ முதலை பொம்மையோ கை நழுவிச்சுது என்டா நீங்க திரும்பிப் பாக்கிறதுக்குள்ள ஆழத்துக்குப் போயிடும். பொம்மைக்குப் பின்னால நீந்திப் போற அப்பாமார்தான் அங்க களைச்சு மாட்டுறது. போனா போகட்டும், புதுசு வாங்கலாம். பிள்ளைகள காலமை குளிக்க விடுங்க, காத்து கூடினாப் பிறகு ஹோட்டல் நீச்சல் குளத்துக்கு மாத்துங்க, ஜீவரட்சகர் எத்தின மணி மட்டும் நிப்பார் என்டு முதல் நாளே கேட்டு வையுங்க.

மாமிட பயம் நியாயமான பயம். 2004 டிசம்பர் 26 சுனாமிய இந்தக் கரையில ஒருத்தரும் மறக்கேல்ல. அவவ சமாதானப்படுத்த கதை சொல்லாதீங்க, போய் இறங்கின உடன ரிசப்ஷன்ல வெளியேறுற வழி எது என்டு கேட்டு, அவவையும் கூட்டிக்கொண்டு அந்த வழியால ரோட்டு மட்டும் ஒருக்கா நடந்து காட்டுங்க, பாதி பயம் போயிடும். கீழ்த்தட்டு றூமா கேளுங்க, படி ஏறத் தேவையில்ல. நடுவில கதவு வச்ச ரெண்டு றூம் இருக்கா என்டு ஃபோன் எடுத்துக் கேளுங்க, இணையத்தில புக் பண்ணேக்க "கேட்டுப் பாக்கிறம்" என்டுதான் வரும், அத நம்பி வந்து மாமி ஒரு தொங்கல்ல நீங்க ஒரு தொங்கல்ல கிடக்க வேண்டி வரும்.

இப்ப காசு. ஃபோன்ல சொல்லுற விலைக்குப் பின்னால பிளஸ் பிளஸ் இருக்கா என்டு கேளுங்க, இருந்தா 10 வீதம் சேவைக் கட்டணம், அதோட வாட் வரி, 2024 ஜனவரியில இருந்து வாட் 18 வீதம். 30 ஆயிரம் என்டு சொன்ன றூம் இந்த ரெண்டோடயே 38 ஆயிரத்த தாண்டும். உள்ளூர் ஆக்களுக்கான விலையையும் கேட்டு வாங்குங்க, அடையாள அட்டைய எல்லாரும் கொண்டு போங்க. சாப்பாடு காலமையும் ராவும் சேத்து எடுங்க, கடல்ல ஊறின பிள்ளைகளயும் மாமியையும் இருட்டினாப் பிறகு டவுனுக்கு இழுத்துக்கொண்டு போகேலாது. மூண்டு நேரமும் எடுக்க வேண்டாம், மத்தியானம் நீங்க எங்கயாவது வெளிய நிப்பீங்க.

பெறுமதியா என்டா, ஓம். செயின் ஹோட்டல்ல நீங்க வாங்கிறது கட்டில் இல்ல. கரண்ட் போனா ஜெனரேட்டர் போடுறாங்க, நடுச்சாமத்தில பிள்ளைக்கு காய்ச்சல் என்டா ரிசப்ஷன்ல ஆள் முழிச்சிருக்கு, டொக்டருக்கு ஃபோன் போகுது. சின்னப் பிள்ளையும் வயசான ஆளும் கூட இருக்கேக்க அது பெரிய விஷயம்.

விடிய எழும்பி கரையால ஒருக்கா நடவுங்க. கரைவலை இழுக்கிறது கண்டா பிள்ளைகள கூட்டிப் போய்க் காட்டுங்க. ரெண்டு பக்கத்துக் கயிறையும் இழுக்கிற ஆக்கள் காலை மணலுக்குள்ள புதைச்சு புதைச்சு பின்னுக்கு நடப்பாங்க, கடைசி ஆள் தொங்கலுக்கு வந்த உடன கயித்த விட்டிட்டு ஓடிப் போய் திரும்ப தண்ணிப் பக்கம் முன்னுக்குப் பிடிப்பார், வலையின்ட மடி கரைக்கு வரேக்க மீன் துள்ளுற சத்தம் மழை மாதிரி கேக்கும். படம் எடுக்கிறதுக்கு முதல் அவங்களிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, அது அவங்கட வேலை நேரம்.

கேள்வி: டிசம்பர்ல திருகோணமலை ஹோட்டல்கள் பாதி விலைக்குப் போகுதே, பிள்ளைகளோட வரலாமா?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கடல் குளிக்கத்தான் வாறீங்க என்டா வராதீங்க தம்பி. அது வாடைக் காலம், வடகீழ் பருவக்காத்து நேரா எங்கட கரைக்குத்தான் அடிக்கும், தண்ணி கலங்கி அலை எழும்பும், புறாமலைக்கு படகும் ஓடாது. விலை குறையிறதும் அதாலதான். மே மாசத்தில இருந்து செப்டம்பர் மட்டும்தான் எங்கட கடல். மழைய பாத்துக்கொண்டு சும்மா இருந்து தேத்தண்ணி குடிச்சா காணும் என்டு நினைக்கிற ஆக்களுக்கு டிசம்பரும் அழகுதான், அதுக்கு மறுப்பில்ல, ஆனா பிள்ளைகள் ஜன்னலுக்குள்ளால கடலைப் பாத்து அழுவாங்க.

கேள்வி: எங்கட கம்பனி ஆக்கள் கொஞ்சப் பேர் சம்பூர்ல வேலை, ரெண்டு நாள் மீட்டிங்கும் வைக்கணும். பீச் ஹோட்டல் எடுக்கிறதா, டவுனுக்குள்ள எடுக்கிறதா?
- வாசகர், கொழும்பு

பதில்: ஐயா, மாகாண சபை ஒபிஸ், உவர்மலைப் பக்கம் என்டு வேலை இருந்தா உப்புவெளியில நிண்டும் சமாளிக்கலாம். சம்பூர் என்டா குடாவ சுத்திக்கொண்டு கிண்ணியா, மூதூர் கடந்து போகணும். முந்தி கிண்ணியாவில பாதை என்டு சொல்லுற மிதவைப் படகில ஏறித்தான் கடக்கிறது, 2009ல பாலம் வந்தாப் பிறகு லேசு, எண்டாலும் தூரம் தூரம்தான். வேலை நாளுக்கு டவுனுக்குள்ள நில்லுங்க, மீட்டிங்க கடைசியா வச்சு அதுக்கு மட்டும் பீச்சுக்கு மாறுங்க, ஆக்களுக்கும் சந்தோசமா இருக்கும்.

மீட்டிங் ஹோல் புக் பண்ண முதல் அண்டைக்கு அங்க கலியாணம் இருக்கா என்டு கட்டாயம் கேளுங்க, பக்கத்து ஹோல்ல மேளம் அடிக்கேக்க கணக்கு வழக்கு கதைக்கேலாது. வைஃபை லொபியில நல்லா இருக்கும், கடல் பக்கத்து றூமுக்குள்ள விழுந்திடும், அதால டேட்டா ரௌட்டர் ஒண்டு கையோட இருக்கட்டும். சில ரிசோர்ட் றூம்கள்ல எழுதுற மேசை என்டு ஒண்டுமில்ல, அலங்கார மேசையிலதான் லேப்டாப் வைக்கிறது, ரெண்டு மணித்தியாலத்தில முதுகு பிடிச்சிடும், இதையும் கேட்டு வையுங்க. கம்பனி பேர்ல வாட் பில் வேணும் என்டு செக் இன் பண்ணேக்கயே சொல்லுங்க, போற நேரம் சொன்னா இழுபடும்.

கேள்வி: அக்கா, ஆடி அமாவாசைக்கு கோணேசர் கோயிலுக்கு வாறம், நாங்க சுத்த மரக்கறி. பெரிய ஹோட்டல்ல சாப்பாடு சரிவருமா?
- வாசகி, வவுனியா

பதில்: சரிவரும், ஆனா கேட்டுக் கேட்டுச் சாப்பிடுங்க. பஃபேயில மரக்கறி என்டு எழுதி வச்சிருக்கிற பக்கத்திலயே தேங்காய்ச் சம்பலுக்குள்ள மாசிக் கருவாடு இடிச்சுப் போட்டிருப்பாங்க, பருப்புக்குள்ளயும் சில நேரம் இருக்கும். அவங்களுக்கு அது குற்றமில்ல, பழக்கம். நீங்க சமையல்காரரக் கூப்பிட்டு மாசி இல்லாம வேணும் என்டு சொன்னா வேற ஆக்கித் தருவாங்க, முட்டையும் சேக்க மாட்டீங்க என்டா அதையும் அப்பவே சொல்லுங்க.

அண்டைக்கு கோயில் இருக்கிற கோட்டை வாசல்ல இருந்தே சனம் நிறைஞ்சிடும், வாகனத்த தூர விட்டிட்டு ஏற்றம் ஏறி நடக்க வேண்டி வரலாம், அதால விடிய வெள்ளனத்தோட வெளிக்கிடுங்க. கோட்டைக்குள்ள மான்கள் கிட்ட வந்து மணந்து பாக்கும், பொலித்தீன் பையோட எதையும் நீட்டாதீங்க, அதுகள் பையையும் சேத்து விழுங்குதுகள், பாக்கவே வயிறு எரியுது. நேரம் இருந்தா திரும்பேக்க கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போங்க, ஏழு கிணறும் ஏழு சூட்டில இருக்கும், அள்ளி ஊத்தித்தான் குளிக்கணும். நீங்க வெளிக்கிடுற நேரம் ஹோட்டல்ல காலமைச் சாப்பாடு வச்சிருக்க மாட்டாங்க, காசு கட்டின சாப்பாட்ட விடாதீங்க, முதல் நாள் ராவே ரிசப்ஷன்ல சொன்னா பெட்டியில கட்டித் தருவாங்க, மாசி வேண்டாம் என்டத அதுக்கும் சேத்துச் சொல்லுங்க.