புதையல் பெட்டியை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

(பண்டைய நாகரிகங்களைக் களமாகக் கொண்ட சாகச நாவல்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில.)

கேள்வி: எகிப்து, பாபிலோன், ரோம் என்று களம் அமைந்த சாகச நாவல்களை ஆசையாக எடுக்கிறேன். ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் பெயரும் ஊரும் குழம்பி மூடி வைத்துவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: எல்லாப் பெயரையும் நினைவில் வைக்க முயல்வதுதான் சிக்கல். ராம்செஸ் என்ற பெயரில் மட்டும் எகிப்தில் பதினோரு மன்னர்கள் இருந்திருக்கிறார்கள், யாரால் முடியும்? ஒரு தாளை இரண்டாக மடித்துப் புத்தகக்குறியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பாத்திரங்கள். ஒருவர் இரண்டாம் முறை வந்தால் மட்டும் பெயரை எழுதுங்கள். பெயருக்கு எதிரே பதவியை எழுதாமல், அவருக்கு என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள். 'தலைமைப் பூசாரி' என்பது மறந்துபோகும். 'முத்திரை மோதிரத்தைத் தேடுகிறவர்' என்பது மறக்காது.

மறுபக்கம் வரைபடம். ஆற்றுக்கு ஒரு கோடு, கடலுக்கு ஒரு கோடு, ஊர்களுக்குப் புள்ளி, அவ்வளவு போதும். எகிப்துக் கதையில் ஒன்றை மட்டும் முதலிலேயே குறித்துவிடுங்கள்: நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஆகவே 'மேல் எகிப்து', அதாவது ஆறு வரும் தெற்குப் பகுதி, வரைபடத்தில் கீழே இருக்கும். இது பிடிபடாதவருக்கு நாயகன் எந்நேரமும் எதிர்த்திசையில் போவது போலவே தோன்றும்.

தாளின் தலையில் ஆண்டு. கி.மு. கணக்கு பின்னோக்கி இறங்கும். கி.மு. 14ஆம் நூற்றாண்டு என்றால் 1400இல் தொடங்கி 1301இல் முடியும். கி.மு.வில் பிறந்து கி.பி.யில் இறந்தவரின் வயதைப் பார்க்க இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63 செப்டம்பர், இறந்தது கி.பி. 14 ஆகஸ்ட். கூட்டிக் கழித்தால் 76. அந்த ஆண்டின் பிறந்தநாளுக்கு முன்பே இறந்ததால் 75.

கேள்வி: எழுதியவர் பாடுபட்டு எழுதியிருக்கிறாரா, மேம்போக்காக அடித்துவிட்டாரா என்பதை வரலாறு படிக்காத ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அரண்மனை வர்ணனையை விட்டுவிடுங்கள், அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பயணத்தைப் பாருங்கள். எத்தனை நாள், என்ன சுமை, எங்கே தண்ணீர் என்ற மூன்றிலும் பொய் சுலபமாக அகப்பட்டுவிடும்.

நடைக்கு நாளொன்றுக்கு 25 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 1900 வாக்கில் அசூர் (இன்றைய ஈராக்கில்) நகர வணிகர்கள் கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றி அனத்தோலியாவின் (இன்றைய துருக்கி) கானேஷுக்குப் போனார்கள். சுமார் 1,000 கி.மீ., ஏறக்குறைய ஆறு வாரம். பாரசீக அரசபாட்டையில் சார்டிஸிலிருந்து (இன்றைய துருக்கி) சூசாவுக்கு (இன்றைய ஈரான்) நடந்துபோக 90 நாள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்; தூரம் 2,500 கி.மீ. அளவில். இரண்டையும் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே வேகம்தான் வரும். நாயகன் இதே பாட்டையை ஒரு வாரத்தில் கடந்தால் அவனுக்கு நிலையத்துக்கு நிலையம் மாற்றுக்குதிரை கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததாகக் கதையில் இருக்கிறதா?

பாலைவனம் என்றால் தண்ணீர்க் கணக்கு. வெயிலில் நடக்கிறவருக்கு நாளுக்குக் குறைந்தது 5 லிட்டர். கிணறில்லாத பத்து நாள் வழிக்கு ஆளுக்கு 50 கிலோ. ஒரு கழுதை சுமப்பது சுமார் 70 கிலோ. அந்தக் கழுதையும் குடிக்கும். ஆகவே இருபது பேர் தோளில் ஆளுக்கொரு தோல்பையோடு பாலைவனத்தைக் கடந்தார்கள் என்றால், ஆசிரியர் கிணறுகளை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று பொருள்.

கப்பலுக்குக் காற்றுதான் எல்லாம். கோடையில் மத்தியதரைக் கடலில் வடக்கு, வடமேற்குக் காற்று. இத்தாலியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடலாம். தானியம் ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் திரும்ப இரண்டு மாதம்கூட ஆகும். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடியது என்பது ரோமானியர் வழக்கு. அந்த மாதங்களில் கப்பலேறும் பாத்திரத்துக்கு உயிர்போகிற அவசரம் இருக்க வேண்டும். நைலிலோ வசதி இயற்கையிலேயே அமைந்தது. நீரோட்டம் வடக்கே கொண்டுபோகும். வடகாற்று பாய்மரத்தைத் தெற்கே தள்ளும். எகிப்தியர் தங்கள் சித்திர எழுத்தில் தெற்கே போவதை எழுதப் பாய் விரித்த படகைத்தான் வரைந்தார்கள்.

இன்னும் சில சோதனைகள், ஒரே மூச்சில்: மாபெரும் பிரமிடு கட்டப்பட்ட காலத்தில் (கி.மு. 2560 வாக்கில்) எகிப்தில் குதிரைத் தேர் கிடையாது, ஒட்டகச் சவாரியும் கிடையாது. கி.மு. 600 வாக்கில் லிடியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) நாணயம் வருவதற்கு முன் கூலியும் விலையும் தானியத்திலோ எடைபோட்ட உலோகத்திலோதான். ரோமானியக் குதிரைவீரன் அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து நிற்க முடியாது. அவன் சேணத்தில் அங்கவடி இல்லை. ரோமானிய விருந்தில் தக்காளி வந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். கதை நன்றாக இருந்தால் ஒரு தக்காளிக்காக மூடிவைக்கத் தேவையில்லை.

கேள்வி: நாயகன் பொன் நிறைந்த பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். நடக்கிற காரியமா?

பதில்: நடக்காது. ஒரு லிட்டர் அளவு பொன் 19.3 கிலோ. 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரமுள்ள பெட்டி 30 லிட்டர் கொள்ளும். கெட்டிப் பொன்னாக நிறைத்தால் 579 கிலோ. காசாகக் கொட்டினால் இடைவெளி போக 300 கிலோவுக்குக் குறையாது. பெட்டியின் அடிப்பலகைதான் முதலில் பெயரும். எகிப்திய மன்னர் துத்தன்காமுனின் உட்சவப்பெட்டி ஒன்றே சுமார் 110 கிலோ பொன். முகக்கவசம் 10 கிலோவுக்குச் சற்று மேல். கவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடலாம். அகஸ்டஸ் காலத்துப் பொற்காசு ஒன்று 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் காசுப் பை என்றால் 8 கிலோ, சிரமமில்லை. விவரமறிந்த ஆசிரியர் தன் நாயகனைப் பெட்டியை விட்டுவிட்டு ஒரு பையோடு வெளியேற்றுவார்.

கேள்வி: கல்லறைக்குள் விஷ அம்பு, திறந்து மூடும் தரை, உருண்டு வரும் பாறை… உண்மையில் இருந்தனவா?

பதில்: எகிப்தில் அப்படி எதுவும் அகப்படவில்லை. காரணம் எளிது. இழுத்துக் கட்டிய வில் சில நாளிலேயே விசை இழக்கும், கயிறு இற்றுப்போகும். உண்மையான தடுப்பு எடைதான். மாபெரும் பிரமிடின் மன்னர் அறைக்கு முன்னால் மூன்று கருங்கல் பலகைகளை மேலிருந்து இறக்கி வழியை அடைத்தார்கள். இறக்கியது இறக்கியதுதான், மறுபடி ஏறாது. துத்தன்காமுன் கல்லறையில் முதல் திருட்டுக்குப் பிறகு நடைவழி முழுக்கச் சுண்ணாம்புக் கல் சில்லுகளைக் கொட்டி நிரப்பினார்கள். அதையும் மேல்மூலையில் குடைந்துகொண்டு திருடர்கள் மறுபடி புகுந்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், இயந்திரப் பொறிகளைவிட நீதிமன்றப் பதிவுகளில்தான் சாகசம் அதிகம். கி.மு. 1110 வாக்கில் ஆமென்பனூபெர் என்ற கல்தச்சன் கொடுத்த வாக்குமூலம் பாப்பிரஸில் இருக்கிறது. கூட்டாளிகளோடு ஒரு மன்னரின் கல்லறையைக் குடைந்து, பொன்னை உரித்து, சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்து, எட்டுப் பங்காகப் பிரித்தார்கள். ஆளுக்கு 20 தெபென், அதாவது சுமார் 1.8 கிலோ. பிடிபட்டதும் தன் பங்கை அதிகாரி ஒருவருக்குக் கொடுத்து வெளியே வந்தான். கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து அவனுக்கு ஈடுசெய்தார்கள். பிறகு மறுபடி அதே தொழில்.

இன்னொன்று, தீப்பந்தம். அது மூன்று அத்தியாயம் எரியாது. அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. மூடிய சுரங்கத்தில் அதற்குள் புகை மூச்சை அடைத்துவிடும். கல்லறைத் தொழிலாளர்கள் எண்ணெய்த் திரிகளை எண்ணி வாங்கி வேலை செய்தார்கள். எத்தனை திரி வழங்கினோம் என்று கணக்கும் எழுதி வைத்தார்கள்.

கேள்வி: கிரகணத்தை முன்கூட்டியே சொல்லி மாயா மக்களை மிரட்டித் தப்பிக்கும் காட்சியை நம்பலாமா?

பதில்: மாயாக்களிடம் போய் அதைச் செய்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. அவர்களுடைய ட்ரெஸ்டன் ஏட்டில் (இன்று ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருப்பதால் அந்தப் பெயர்) சுமார் 33 ஆண்டுக்கான கிரகண அட்டவணை இருக்கிறது. பாபிலோனியரும் 223 சந்திரமாதச் சுழற்சியை, அதாவது 18 ஆண்டு 11 நாளை, அறிந்திருந்தார்கள். பூசாரி நாயகனைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருப்பார். இந்த உத்திக்கு மூலம் 1504 பிப்ரவரி 29 அன்று ஜமைக்காவில் கொலம்பஸ் செய்தது. அது சந்திரகிரகணம், பாதி உலகுக்குத் தெரியும், மணிக்கணக்கில் நீடிக்கும். நாவலாசிரியர்கள் அதைச் சூரியகிரகணமாக மாற்றும்போது, முழு இருள் ஓரிடத்தில் ஏழரை நிமிடத்தைத் தாண்டாது என்பதை மறந்துவிடுகிறார்கள். கட்டவிழ்த்துக் கோட்டை தாண்ட அது போதுமா என்று கடிகாரத்தை வைத்துப் படியுங்கள்.

கேள்வி: பண்டைய மக்களே சாகசக் கதை எழுதியிருக்கிறார்களா?

பதில்: எழுதியிருக்கிறார்கள். சினூஹே என்ற எகிப்திய அரண்மனை அதிகாரியின் கதை கிட்டத்தட்ட 3,900 ஆண்டு பழையது. மன்னர் இறந்த செய்தி காதில் விழுந்ததும் பயந்து எல்லை தாண்டி ஓடுகிறான். சிரியாப் பக்கம் ஒரு தலைவனின் மருமகனாகிறான். உள்ளூர் மல்லன் ஒருவனைக் கழுத்தில் அம்பெய்து வீழ்த்தி, அவன் கோடரியாலேயே முடிக்கிறான். முதுமையில் மன்னிப்புக் கிடைத்து ஊர் திரும்புகிறான். மொழிபெயர்ப்பை ஒரே அமர்வில் படித்துவிடலாம். இதைப் படித்துவிட்டு எகிப்து நாவலை எடுத்தால், அந்தக் காலத்து எகிப்தியனுக்கு வெளிநாட்டில் சாவது எவ்வளவு பெரிய பயம் என்பது பிடிபடும்.

கேள்வி: நாவலின் வரலாற்றுப் பின்னுரையை முதலில் படித்துவிடலாமா?

பதில்: வேண்டாம், யார் சாகிறார் என்பது அங்கே இருக்கும். வரைபடத்தையும் கால அட்டவணையையும் மட்டும் பாருங்கள். பாத்திரப் பட்டியலிலும் எச்சரிக்கை தேவை. 'அடிமைச் சிறுவன், பின்னாளில் மன்னன்' என்று சில பதிப்பகங்கள் முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுகின்றன.