லீக் இல்லாத அணியின் பருவம்

அன்புள்ள தம்பி,

மேற்படிப்புக்காக இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகருக்கு வந்து சேர்ந்திருக்கும் நீங்கள், "நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி எந்த லீக்கிலும் இல்லை என்கிறார்கள், அப்படியானால் அது யாரோடு, எதற்காக ஆடுகிறது? ஊரே ஏன் அதைக் கொண்டாடுகிறது?" என்று கேட்டிருந்தீர்கள். இவ்வூரில் குடியேறிப் பல ஆண்டுகளாக அந்த அணியைப் பின்தொடர்கிறவன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்நாட்டின் பெரிய கல்லூரி அணிகளில் ஏறக்குறைய எல்லாமே பிக் டென், எஸ்.இ.சி. போன்ற ஒரு கான்ஃபரன்ஸில், அதாவது லீக்கில், உறுப்பினராக இருக்கின்றன. பெரும்பாலான எதிரணிகளைக் கான்ஃபரன்ஸே முடிவு செய்கிறது, தொலைக்காட்சிப் பணத்தை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள், பருவ முடிவில் அதற்கென்று ஒரு சாம்பியனும் உண்டு. நோட்டர் டேமின் மற்ற அணிகளில் பெரும்பாலானவை ஏ.சி.சி. என்ற கான்ஃபரன்ஸில் இருந்தாலும், அமெரிக்கக் கால்பந்து அணி மட்டும், கொரோனாவால் 2020இல் ஒரே ஒரு பருவம் அங்கே சேர்ந்து ஆடியதைத் தவிர, தனித்தே நின்றிருக்கிறது. ரஞ்சிக் கோப்பையில் ஓர் அணி எந்தப் பிரிவிலும் சேராமல், எதிரணிகளைத் தானே பேசி முடித்து ஆடிவிட்டு, காலிறுதிக்கு இடம் கேட்டுத் தேர்வுக் குழுவின் முன் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான் இங்கே நடக்கிறது.

அட்டவணை பெரும்பாலும் தங்கள் கையிலேயே இருப்பதால் பழைய உறவுகளை அவர்களால் காக்க முடிந்திருக்கிறது. 1926இல் தொடங்கி 2025 வரை நடந்த தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துடனான போட்டி நாடறிந்தது. எனக்கு அதைவிட நெருக்கமானது, 1927 முதல் ஆடப்பட்டுவரும், அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் நேவி அணியுடனான ஆட்டம். இரண்டாம் உலகப் போரின்போது மாணவர் சேர்க்கை சரிந்து பல்கலைக்கழகம் திணறியபோது, கடற்படை தன் அதிகாரிகளுக்கான பயிற்சியை இவ்வளாகத்தில் நடத்திக் கைகொடுத்தது. அந்த நன்றிக்காகவே, நேவி விரும்பும் வரை அதனுடன் ஆடுவது என்பதை இவர்கள் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் லீக் இல்லாத அணிக்குப் புள்ளிப்பட்டியல் இல்லை. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு தீர்ப்புதான். 2024 செப்டம்பர் 7 அன்று, மிகச் சாதாரண அணியாகக் கருதப்பட்ட வடக்கு இல்லினாய்ஸ், கடைசி நிமிடத்தில் அடித்த ஃபீல்டு கோலால் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) நோட்டர் டேமை அதன் சொந்த மைதானத்திலேயே 16-14 என்று வீழ்த்தியது. கான்ஃபரன்ஸ் அணியாக இருந்தால், தன் லீக்கின் சாம்பியனாகி, தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளுக்குள் நுழையலாம் என்ற வழியாவது மிஞ்சியிருக்கும். இவர்களுக்கு அந்த வழி இல்லாததால், இன்னொரு தோல்வி வந்தால் பருவமே முடிந்துவிடும் என்ற நிலையில் அடுத்த பத்து ஆட்டங்களையும் வென்றார்கள். அப்படியும், முதல் நான்கு இடங்களும் முதல் சுற்று ஓய்வும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே என்று அன்று விதி இருந்ததால், ஏழாம் இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. டிசம்பர் 20 இரவு, உறைய வைக்கும் குளிரில், இதே மாநிலத்தின் இண்டியானா அணியை இங்கேயே 27-17 என்று வென்றார்கள். பிறகு ஜார்ஜியாவையும் பென் ஸ்டேட்டையும் தாண்டி, அட்லாண்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஓஹையோ ஸ்டேட்டிடம் 34-23 என்று தோற்றார்கள்.

2025 இன்னும் கசப்பானது. முதல் இரண்டு ஆட்டங்களில் மயாமியிடம் மூன்று புள்ளியிலும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிடம் ஒரே ஒரு புள்ளியிலும் தோற்று, மீதிப் பத்தையும் வென்ற பிறகும், பன்னிரண்டு அணிகளின் பிளே-ஆஃப் பட்டியலில் தேர்வுக் குழு இடம் தரவில்லை. பிளே-ஆஃபுக்கு வெளியே, பருவ முடிவில் அழைப்பின் பேரில் நடக்கும் ஒரு பௌல் ஆட்டத்துக்கு வந்த வாய்ப்பையும் அணி மறுத்துவிட்டது. ஆத்திரத்தில் எடுத்த முடிவு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அந்த வருத்தம் புரிந்தது.

"பேசாமல் ஒரு கான்ஃபரன்ஸில் சேர்ந்துவிடலாமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். 1991 முதல் உள்ளூர் ஆட்டங்களை என்.பி.சி. ஒளிபரப்புகிறது, அந்த ஒப்பந்தப் பணம் முழுவதும் பல்கலைக்கழகத்துக்கே வருகிறது. பிளே-ஆஃப் பரிசுத் தொகையையும் யாருடனும் பங்கிட வேண்டியதில்லை. ஆனால் பணம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. நாட்டின் எந்த மூலைக்கும் போய் ஆடலாம் என்ற உரிமையை விட்டுவிட்டால், இந்த அணி பத்தோடு பதினொன்றாகிவிடும் என்ற அச்சம் இங்குள்ள பழைய ஆட்களிடம் உண்மையாகவே இருக்கிறது. என் எண்ணமும் அதுவே.

ஆட்டம் பார்க்கப் போனால் மாணவர் பகுதியிலேயே நில்லுங்கள்; அங்கே பெரும்பாலும் யாரும் உட்காருவதில்லை. ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். வீரர்கள் மாணவர்களின் முன் வந்து, தோளோடு தோள் சேர்ந்து பல்கலைக்கழகப் பாடலைப் பாடுவார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பதாக இருந்தால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் இலையுதிர்கால ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் உள்ளூர் ஆட்டம் இருக்கும் வார இறுதிகளில் விடுதி வாடகை பல மடங்கு ஏறிவிடும்.